கருப்பு ஷேலை ஆராய எந்தக் கல்லை நம்புவது: வெளிப்பாறையா, துளைச் சில்லா, கோரா?

என் மேசை மேல் இரண்டு கல் துண்டுகள் கிடக்கின்றன. ஒன்று சாம்பல் கலந்த பழுப்பு. நகத்தை நுழைத்தால் பழைய புத்தகத் தாள் போல ஏடு ஏடாகப் பிரிகிறது. ஏடுகளுக்கு இடையில் மஞ்சள் பொடி, ஓரங்களில் ஊசி ஊசியாக வெள்ளைப் படிகம். மற்றது கன்னங்கரேலென்று, ஏடு எதுவும் கண்ணுக்குத் தெரியாமல், ஒரே கட்டியாக இருக்கிறது. சுத்தியலால் உடைத்தால் சில விநாடிகள் மண்ணெண்ணெய் வாடை வரும். இரண்டும் கருப்பு ஷேல் எனும் களிப்பாறையின் ஒரே அடுக்குதான். முதலாவது ஆற்றோரத்தில் வெளியே தெரிந்த பாறையிலிருந்து வெட்டியது. இரண்டாவது, அங்கிருந்து சற்று உள்ளே தள்ளித் துளையிட்டு 30 மீட்டர் ஆழத்திலிருந்து உருளையாக எடுத்த கல், அதாவது கோர்.

கருப்பு ஷேல் தொகுதி ஒன்றை ஆராயக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது கருவிகளைப் பற்றித்தான். எந்த நிறமாலைமானி நல்லது, எந்த ஆய்வுக்கூடம் சீக்கிரம் முடித்துத் தரும், ஒரு மாதிரிக்கு எவ்வளவு ஆகும் என்றெல்லாம் கேட்பார்கள். அதற்கெல்லாம் முன்னால் தீர்த்துக்கொள்ள வேண்டியது, கல் எங்கிருந்து வரப்போகிறது என்பது. வழிகள் நான்கு. நிலத்துக்கு மேலே தெரியும் வெளிப்பாறையை வெட்டலாம். எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் தோண்டும்போது சேற்றோடு மேலே வந்த துளைச் சில்லுகளை வாங்கலாம். யாரோ எப்போதோ எடுத்துக் கிடங்கில் அடுக்கிய பழைய கோரைக் கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் நாமே புதிதாகத் துளையிடலாம். இந்த முடிவில் தவறிவிட்டால், பின்னால் எவ்வளவு நுட்பமான கருவி வந்தும் பயனில்லை. கல்லிலிருந்து போய்விட்டதை எந்தக் கருவியும் திருப்பித் தராது.

ஏன் இந்தப் பாறைக்கு மட்டும் இவ்வளவு கவலை? மணற்பாறையை வெயிலில் போட்டாலும் அதன் குவார்ட்ஸ் மணிகள் அப்படியே இருக்கும். கருப்பு ஷேல் அப்படியல்ல. நுண்ணிய களிமண்ணும் வண்டலும் படிந்த இடத்தில், இறந்த உயிர்களின் கரிமப் பொருள் முழுவதும் அழுகிப் போகாமல் மிஞ்சியதால் உண்டான பாறை இது. அடிநீரில் ஆக்சிஜன் இல்லாததாலோ, மேலிருந்து விழுந்த கரிமம் அழுகும் வேகத்தை விஞ்சியதாலோ, இரண்டும் சேர்ந்தோ இது நடக்கிறது. இந்த இரண்டில் எது முக்கியம் என்ற வாதம் பல பத்தாண்டுகளாக ஓயவில்லை. இன்றைய கருங்கடலில் சுமார் 100 முதல் 200 மீட்டருக்குக் கீழே, 2,200 மீட்டர் ஆழம் வரை, ஆக்சிஜன் இல்லை. ஹைட்ரஜன் சல்பைடுதான் இருக்கிறது. அப்படிப்பட்ட சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து பைரைட் ஆகின்றன. மாலிப்டினம், யுரேனியம், ரீனியம் போன்ற உலோகங்களும் நீரிலிருந்து பிரிந்து சேற்றில் தங்குகின்றன. ஆக, நாம் தேடும் தடயங்கள் எல்லாமே ஆக்சிஜன் இல்லாததால் தங்கியவை. அந்தப் பாறை நிலத்துக்கு மேலே வந்து காற்றையும் மழையையும் பார்த்த நாளிலிருந்து அவை ஒவ்வொன்றாகக் கிளம்பத் தொடங்கும்.

வெளிப்பாறை

முதலில் போவது பைரைட். ஆக்சிஜனும் நீரும் பட்டால் அது கரைந்து கந்தக அமிலத்தை விடுகிறது. அந்த அமிலம் பக்கத்திலுள்ள கார்பனேட்டைத் தின்று ஜிப்சம் ஆகிறது. என் மேசையில் உள்ள வெள்ளை ஊசிகள் அவைதான். மஞ்சள் பொடி ஜாரோசைட். இந்த இரண்டையும் ஒரு பாறை முகத்தில் பார்த்தால், அந்த இடத்தில் வேதியியல் மாதிரி எடுப்பதை அங்கேயே நிறுத்திவிடலாம். பைரைட்டுக்குப் பின்னால் கரிமப் பொருளும் குறைகிறது. அமெரிக்காவின் கருப்பு ஷேல் வெளிப்பாறைகளில் ஸ்டீவன் பெட்ச், ராபர்ட் பெர்னர், டிமதி எக்ளின்டன் ஆகியோர் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிப் படிப்படியாக மாதிரி எடுத்துப் பார்த்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அதிகம் சிதைந்த பகுதியில் கரிம கார்பனில் பாதிக்கும் மேல் காணாமல் போயிருந்தது. மேல்தோலைச் சுத்தியலால் தட்டி எடுத்துவிட்டு உள்ளே இருப்பது புதுக்கல் என்று எண்ணிக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்பதை இதை வைத்தே புரிந்துகொள்ளலாம். சிதைவு ஒரு கைப்பிடி ஆழத்தோடு நிற்பதில்லை. ஈரமும் வெப்பமும் மிகுந்த நிலங்களில் பல மீட்டர், சில இடங்களில் பல பத்து மீட்டர் வரை இறங்கியிருக்கும்.

இழப்பைவிடக் கொடியது, இழப்பு பொய்ச் சாட்சி சொல்வது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பலர் சறுக்கும் இடம் இது. பழங்கடலின் நிலையை அறிய இரும்பின் வகைப் பிரிப்பு என்றொரு முறை உண்டு. பாறையின் மொத்த இரும்பில் எளிதில் வினைபுரியும் இரும்பு 0.38 பங்குக்கு மேல் இருந்தால் அடிநீரில் ஆக்சிஜன் இல்லை என்று கொள்வார்கள். அந்த வினைபுரியும் இரும்பில் பைரைட்டாக இருக்கும் பங்கு 0.7 அல்லது 0.8-ஐத் தாண்டினால் நீரில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தது என்று பொருள். தாண்டாவிட்டால் சல்பைடு இல்லை, கரைந்த இரும்புதான் நீரில் நிறைந்திருந்தது. இப்போது சிதைந்த கல்லை இந்தச் சோதனைக்குள் அனுப்புங்கள். பைரைட் துருவாகிவிட்டது. துருவும் எளிதில் வினைபுரியும் இரும்புதான், அதனால் முதல் விகிதம் அசையாது. இரண்டாவது விகிதம் மட்டும் சரிந்துவிடும். ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்திருந்த கடல், அட்டவணையில் இரும்பு நிறைந்த கடலாக மாறிவிடும். எண்கள் ஒழுங்காக, ஒன்றோடொன்று பொருந்தி, அழகாகவே இருக்கும். பிழை என்று எச்சரிக்க அதில் எதுவும் இருக்காது.

அப்படியானால் வெளிப்பாறையே வேண்டாமா? வேண்டும். கட்டாயம் வேண்டும், வேறு கேள்விகளுக்கு. ஒரு கோர் நமக்குத் தருவது, உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு வட்டத்தை. வெளிப்பாறையில் ஒரு அடுக்கைப் பிடித்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் நடக்கலாம். எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எங்கே அரிப்பால் அறுபட்டிருக்கிறது என்பது நடந்தால்தான் தெரியும். ஒரு தொகுதிக்குப் பெயர் வைப்பதே பெரும்பாலும் வெளிப்பாறையை வைத்துத்தான். மார்செல்லஸ் ஷேலுக்கு அந்தப் பெயர் நியூயார்க் மாநிலத்தில் மார்செல்லஸ் ஊருக்கருகே தெரிந்த பாறையால் வந்தது; வைத்தவர் ஜேம்ஸ் ஹால், 1839-இல். விரிசல்களும் அப்படித்தான். அப்பலாச்சியத் தொடரின் டெவோனியக் கருப்பு ஷேல்களில் கிட்டத்தட்ட செங்குத்தான இரண்டு விரிசல் தொகுதிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. செங்குத்து விரிசல்கள் மீட்டருக்கு ஒன்று என்று இருந்தால், செங்குத்தாக இறங்கும் ஒல்லியான துளை அவற்றைத் தொடாமலே இறங்கிவிடக்கூடும். பாறை முகத்தின் முன்னால் நிற்கிறவருக்கு அது ஒரே பார்வையில் தெரியும்.

தொல்லுயிர் எச்சங்களுக்கும் பரப்பு வேண்டும். ஜெர்மனியின் ஹோல்ஸ்மாடனில் பொசிடோனியா ஷேலின் இக்தியோசர்கள் எனும் பழங்காலக் கடல் ஊர்வன கிடைத்தது கல்குவாரிகளில் பெரிய பலகைகளாகக் கல்லைப் பெயர்த்ததால்தான். கல்குவாரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இயந்திரம் நேற்று வெட்டிய முகம் ஆற்றோரப் பாறையைவிடப் பல மடங்கு புதியது. கடல் ஓயாமல் அறுத்துக்கொண்டிருக்கும் செங்குத்துக் கரையும் அப்படியே. வெளிப்பாறையைத் தவிர வேறு வழி இல்லாதவர் முதலில் தேட வேண்டியது, ஓடும் குவாரியும் அறுபடும் கரையும். மழைநீர் ஒழுகி மரவேர் இறங்கிய பழைய சாலை வெட்டு கடைசித் தேர்வாக இருக்கட்டும்.

சிதைந்த கல்லிலும் நிற்கும் சில தடயங்கள் உண்டு. அலுமினியம், டைட்டானியம், தோரியம் போன்றவை பெரும்பாலும் நகர்வதில்லை. ராஸ்பெர்ரி பழம் போல் குவிந்த பைரைட் உருண்டைகள் துருவாகிவிட்டாலும் வடிவமும் விட்டமும் பல வேளைகளில் மிஞ்சுகின்றன. நீரிலேயே உருவான உருண்டைகள் பெரும்பாலும் 5 மைக்ரானைச் சுற்றியோ அதற்குக் கீழோ, ஒரே அளவாக இருக்கும். சேற்றுக்குள் வளர்ந்தவை பெரிதும் சிறிதுமாகக் கலந்திருக்கும். வேதியியல் கைவிட்ட கல்லிலும் இந்த அளவெடுப்பு வேலை செய்யும்.

துளைச் சில்லுகள்

எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த படுகை என்றால் சில்லுகள் கிட்டத்தட்ட இலவசமாகவே கிடைக்கும். பல நூறு கிணறுகளிலிருந்து, சிறு பைகளில், ஆழம் எழுதி வைத்திருப்பார்கள். சிதைவுப் பிரச்சினை இல்லை. ஆயிரம் இரண்டாயிரம் மீட்டர் ஆழத்துக் கல் அது. இவ்வளவு நன்மை இருந்தும் நான் இதை வரிசையில் கீழே வைப்பதற்குக் காரணம் காலம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து லட்சம் ஆண்டுக்கு 10 மீட்டர் என்ற வேகத்தில் படிந்த ஷேல் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 1 சென்டிமீட்டர் என்பது 1,000 ஆண்டு. சில்லுகளை 3 மீட்டருக்கு ஒரு பை என்று சேகரித்திருந்தால் ஒரு பைக்குள் 3,00,000 ஆண்டுகள் கலந்து கிடக்கின்றன. சில்லு மேலே வந்துசேர ஆகும் நேரத்தை வைத்துத்தான் அதன் ஆழத்தைக் கணிக்கிறார்கள். அந்தக் கணிப்பில் பிசகு உண்டு. மேலேயுள்ள சுவர் சரிந்து விழுந்த துண்டுகளும் அதே பைக்குள் வரும். கடலில் ஆக்சிஜன் அற்றுப் போன ஒரு நிகழ்வைத் தேடுகிறவருக்கு இது உதவாது. சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், செனோமேனியன் காலமும் டூரோனியன் காலமும் சந்திக்கும் எல்லையில் நேர்ந்த பெரும் நிகழ்வுக்கு இத்தாலியில் குப்பியோ அருகே உள்ள சாட்சி, போனரெல்லி மட்டம் எனப்படும் சுமார் 1 மீட்டர் தடிப்புள்ள கருப்பு அடுக்கு. 3 மீட்டர்ப் பைக்குள் அது முழுவதுமாக மூழ்கிப் போகும்.

துளையிடும் சேறும் தன் பங்குக்குக் கலக்கிறது. சேற்றில் எடை கூட்டப் பாரைட் எனும் பேரியக் கனிமம் போட்டிருந்தால் பேரியம் அளவெடுப்பு வீண். எண்ணெய் கலந்த சேறு என்றால், பாறையைச் சூடாக்கிக் கரிமத்தை அளக்கும் ராக்-ஈவல் சோதனையில் முதலில் வெளிவரும் சுதந்திர ஹைட்ரோகார்பன் அளவு உயர்ந்துவிடும். கரைப்பானால் கழுவினால் பாறைக்குச் சொந்தமான எண்ணெயும் சேர்ந்து போகும்.

அப்படியிருந்தும் ஒரு கேள்விக்குச் சில்லுகளை விஞ்ச ஒன்றும் இல்லை. படுகை முழுவதும் இந்த ஷேல் எவ்வளவு வெந்திருக்கிறது என்ற கேள்வி அது. ராக்-ஈவலுக்கு ஒரு மாதிரிக்கு சுமார் 100 மில்லிகிராமோ அதற்கும் குறைவோ போதும். 300 டிகிரி செல்சியஸில் நிறுத்தி, பின்பு நிமிடத்துக்கு 25 டிகிரியாக ஏற்றும்போது, கரிமம் உடைந்து ஹைட்ரோகார்பன் அதிகம் வெளிவரும் வெப்பநிலையை டீமேக்ஸ் என்பார்கள். அது ஏறக்குறைய 435-ஐத் தொட்டால் எண்ணெய் உருவாகும் நிலை தொடங்கியது என்று பொருள். இந்த எண் 3,00,000 ஆண்டுக்குள் மாறப்போவதில்லை. பல கிலோமீட்டருக்குள்தான் மாறும். அதனால் பை கலந்திருந்தாலும் படம் கலங்காது. கூடவே கிணற்றுப் பதிவுகள், அதாவது கிணற்றுக்குள் கருவி இறக்கி ஆழத்துக்கு ஆழம் எடுத்த அளவுகள், இருந்தால் இன்னும் நல்லது. யுரேனியம் சேர்ந்த ஷேல் காமா கதிர்ப் பதிவில் சட்டென்று உயர்ந்து நிற்கும். மின்தடைப் பதிவையும் ஒலிவேகப் பதிவையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அவை விலகும் அளவிலிருந்து கரிம கார்பனைக் கணிக்கும் முறையைப் பாசியும் அவர் கூட்டாளிகளும் 1990-இல் வெளியிட்டார்கள். இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இது கணிப்பு. கோரிலோ சில்லிலோ நேரில் அளந்த சில எண்களை வைத்து அதைச் சரிபார்க்காமல் படம் வரைந்தால் அது வெறும் வண்ணம்.

பழைய கோர்

புதிதாகத் துளையிடப் பணம் தேடுவதற்கு முன்னால் கிடங்குகளுக்கு எழுதிக் கேளுங்கள். கனிமம் தேடியோ எண்ணெய் தேடியோ யாராவது அந்தத் தொகுதியைத் துளைத்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கோரைத் தோண்டியவருக்கு ஷேல் வேண்டாத பகுதியாக இருந்திருக்கலாம். நமக்கு அதுதான் பொக்கிஷம்.

ஆனால் பெட்டியைத் திறந்ததும் மகிழ்ந்துவிடக் கூடாது. ஈரமான கிடங்கில் பல ஆண்டு கிடந்த கோரில் பைரைட் அங்கேயே சிதையத் தொடங்கியிருக்கும். மேலே வெள்ளைப் பூச்சு பூத்திருக்கும். உள்ளே ஒரு துண்டை வெட்டிப் பார்த்தால், வெளித்தோலோடு நின்றுவிட்டதா உள்ளே இறங்கியிருக்கிறதா என்று தெரியும். முன்னால் வந்தவர்கள் எல்லோரும் மிகவும் கருத்த இடத்தையே எடுத்துப் போயிருப்பார்கள். முக்கியமான 20 சென்டிமீட்டர் இருந்த இடத்தில் மரக்கட்டை வைத்திருக்கும். ஒருமுறை நான் மூன்று நாள் உட்கார்ந்து படம் எடுத்து, அளந்து, குறிப்பு எழுதிய ஒரு கோரில் ஒரு பெட்டி முழுவதும் தலைகீழாக அடுக்கப்பட்டிருந்தது. எப்போதோ யாரோ இடம் மாற்றும்போது நேர்ந்த பிசகு. ஒரு எரிமலைச் சாம்பல் அடுக்கின் கூர்மையான அடிப்பக்கம் மேலே பார்த்துக்கொண்டிருந்ததால்தான் கண்டுபிடித்தேன். அந்த அடுக்கு இல்லையென்றால் 3 மீட்டர் வரலாறு பின்னோக்கி ஓடியிருக்கும். நல்ல கோரில் நீளவாக்கில் இரண்டு கோடு போட்டிருப்பார்கள்: மேல்பக்கம் மேலே இருக்கும்படி பிடித்தால் சிவப்புக் கோடு வலப்பக்கம் வர வேண்டும். பெட்டி திறந்ததும் முதலில் அந்தக் கோட்டைத் தேடுங்கள்.

புதிய கோர், அதன் நம்பிக்கையும் அதன் பொறிகளும்

கோர் என்றால் தூய்மை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதை உடைத்த கதை மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் நடந்தது. அங்கிருந்து கிடைத்த சுமார் 270 கோடி ஆண்டு பழமையான ஷேல் கோரில், உட்கரு உள்ள செல்களின் தடயமாகக் கருதப்படும் ஸ்டெரேன் எனும் கரிம மூலக்கூறுகள் இருப்பதாக 1999-இல் யோகன் புரோக்ஸ் குழு அறிவித்தது. உட்கரு உள்ள செல்களின் வரலாறே அத்தனை காலம் பின்னே போயிற்று என்று பேசினார்கள். 2008-இல் பிர்கர் ராஸ்முசன் குழு, புரோக்ஸையும் சேர்த்துக்கொண்டு, அந்த மூலக்கூறுகள் பாறையோடு பிறந்தவை அல்ல, பின்னால் வந்து சேர்ந்தவை என்று காட்டியது. தன் பெரிய கண்டுபிடிப்பைத் தானே மறுத்த அந்த நேர்மையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பிறகு மாசு புகாதபடி தனிக் கவனத்தோடு புதிய கோர்கள் எடுத்தார்கள். கேத்தரின் ஃப்ரெஞ்ச் குழு 2015-இல் வெளியிட்ட முடிவு: அந்தக் காலத்துக்குச் சொந்தமான அத்தகைய மூலக்கூறுகள் கண்டறியும் அளவில் அங்கே இல்லை.

இதிலிருந்து நடைமுறைக்கு வரும் பாடங்கள் சின்னச் சின்னவை, ஆனால் ஒன்றையும் விட முடியாது. துளையிடும் நீரில் என்ன கலக்கிறார்கள் என்று முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். அந்தத் திரவத்திலும் ஒரு புட்டி எடுத்து வைக்க வேண்டும். குழாய் மரைகளுக்குப் பூசும் மசகுகளில் சில மாலிப்டினம் டைசல்பைடு கலந்தவை. மாலிப்டினம் தேடுகிற ஆய்வில் அது ஒரு பேரழிவு. சாதாரண மேலோட்டுப் பாறையில் இந்த உலோகம் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குதான். ஹைட்ரஜன் சல்பைடு நிலைத்திருந்த கடலின் ஷேலில் 100-ஐத் தாண்டும். ஒரு துளி மசகு இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அழிக்கும். கரிம மூலக்கூறு பார்ப்பதற்கான துண்டுகளை நெகிழிப் பையில் போடாமல் சுட்டெடுத்த அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். வெளித்தோலை அறுத்துத் தள்ளிவிட்டு உட்பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். பொடியாக்கும்போது டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்தைத் தொடவே வேண்டாம், டங்ஸ்டனும் கோபால்ட்டும் மாதிரிக்குள் இறங்கும். அகேட் கிண்ணம் மெதுவாக அரைத்தாலும் அதுதான் சரி.

இவ்வளவு பாடுபட்டும் கோரை நான் மேலே வைப்பதற்கு இன்னொரு காரணம், அது வாதத்துக்குத் திரும்பத் திரும்ப இடம் தருகிறது. அதே பில்பராவில், மவுன்ட் மெக்ரே ஷேலை 2004-இல் துளையிட்டு எடுத்தார்கள். ஏரியல் அன்பார் குழு 2007-இல் அந்தக் கோரில் சுமார் 250 கோடி ஆண்டுக்கு முந்தைய மாலிப்டினம், ரீனியம் உயர்வைக் காட்டி, காற்றில் ஆக்சிஜன் நிலைபெறும் முன்பே அதன் ஒரு மெல்லிய வீச்சு இருந்தது என்று சொன்னது. 2022-இல் வேறொரு குழு அதே கோரை நுண்ணோக்கியின் கீழ் மறுபடி வைத்துப் பார்த்து, அந்தத் தடயங்களை வேறு விதமாகவும் விளக்கலாம் என்றது. முதல் குழு அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். பதினைந்து ஆண்டு கழித்து அதே சென்டிமீட்டருக்குத் திரும்பிப் போக முடிந்ததே, அது கோர் இருந்ததால்தான். வெளிப்பாறையில் நான் வெட்டிய இடம் அடுத்த மழைக்கு இருக்காது. சில்லுப் பையில் சென்டிமீட்டர் என்ற ஒன்றே இல்லை.

நுண்ணடுக்கு பார்க்கவும் கோர்தான். கருப்பு ஷேல் என்றாலே அசையாத நீரில் மெல்ல மெல்லத் தூசு படிந்தது என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். யூர்கன் ஷீபரும் கூட்டாளிகளும் 2007-இல் ஓடும் நீர்த்தொட்டியில் செய்து காட்டினார்கள்: களிமண் துகள்கள் திரளாகச் சேர்ந்து, மணல் நகரும் அளவு வேகமான நீரிலும் சிற்றலை வடிவில் ஊர்ந்து படியும். அந்தச் சிற்றலைகள் நசுங்கியபின் சில மில்லிமீட்டருக்குள் மிக மெல்லிய சாய்கோடுகளாக மட்டும் மிஞ்சும். ஏடு ஏடாகப் பிரிந்துபோன வெளிப்பாறைத் துண்டில் அதைத் தேடிப் பயனில்லை. அறுத்து மெருகேற்றிய கோர் முகத்தில், சாய்ந்த வெளிச்சத்தில், கண் பழகினால் தெரியும்.

என் தேர்வு

பணமும் காலமும் அளவோடு உள்ள ஒருவர் என்னிடம் கேட்டால், நான் சொல்வது ஐந்தாவதாக ஒரு வழி: வெளிப்பாறையை முழுவதும் நடந்து வரைபடமிட்டு, அதன் பின்னால், சிதைவு எட்டாத தூரத்தில், ஆழம் குறைந்த ஒரு கோர். அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் சற்றுத் தள்ளி நின்று துளையிட்டால் அதே அடுக்குகளைச் சில பத்து மீட்டர் ஆழத்தில் புதுக்கல்லாகப் பிடிக்கலாம். பெரிய எண்ணெய்க் கிணற்று மேடை வேண்டாம், சிறிய துளைப்பொறி போதும். இங்கிலாந்தின் டார்செட் கரையில் கிமெரிட்ஜ் களிமண் தொகுதி கடலோரச் செங்குத்து முகங்களில் அருமையாகத் தெரிகிறது. ஆனாலும் 1990-களின் பிற்பகுதியில் உள்நிலத்தில் ஸ்வான்வொர்த் குவாரியிலும் மெதர்ஹில்ஸிலும் தனியே கோர் எடுத்தார்கள். கரையில் எண்ணிட்ட அடுக்குகளைக் கோரில் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு இணைத்ததால், ஒன்றின் பரப்பும் மற்றதன் புதுமையும் சேர்ந்து கிடைத்தன.

இரண்டையும் இணைக்கக் கையடக்க காமா நிறமாலைமானி நல்ல துணை. வெளிப்பாறையில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு அளவு, கோரிலும் அதேபோல. ஒரு சங்கடம் உண்டு: வெளிப்பாறையில் யுரேனியம் கொஞ்சம் கழுவிப் போயிருக்கும். உச்சங்களின் உயரம் பொருந்தாது. வரிசை பெரும்பாலும் பொருந்தும். பொருந்தாத உயரமே அந்த இடத்தில் சிதைவு எவ்வளவு என்று சொல்லிவிடும்.

துளையின் விட்டத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வழக்கமான இரண்டு அளவுகளில் ஒன்று 47.6 மில்லிமீட்டர் விட்டக் கோர் தரும், மற்றது 63.5. பாதியைக் காப்புக்கு வைத்துவிட்டு மறு பாதியில் 1 சென்டிமீட்டர் தடிப்பு வெட்டினால், சிறியதில் சுமார் 22 கிராம் கிடைக்கும், பெரியதில் சுமார் 40. ராக்-ஈவலுக்கும் உலோகங்களுக்கும் இரும்பு வகைப் பிரிப்புக்கும் சேர்த்தே ஒரு கிராமுக்குப் பக்கம்தான் ஆகும். ஆனால் ரீனியம்-ஆஸ்மியம் முறையில் வயது பார்க்க 20 கிராமுக்குக் குறையாமல் பொடி வேண்டும், அதுவும் உலோகம் தொட்ட தடமெல்லாம் தேய்த்து எடுத்தபின். சிறிய கோரில் அதைச் செய்தால் அந்த சென்டிமீட்டரில் வேறு எதற்கும் கல் மிஞ்சாது.

வயது பற்றி இரண்டு வரி. ஷேலுக்கு நடுவில் வெளிறிய, ஈரம் பட்டால் வழவழக்கும் களிப்பட்டை தென்பட்டால் அது எரிமலைச் சாம்பலாக இருக்கலாம். அதிலுள்ள சிர்க்கானின் யுரேனியம்-ஈய வயதுக்கு நிகர் எதுவும் இல்லை. சாம்பல் இல்லாத தொகுதிக்கே ரீனியம்-ஆஸ்மியம். அதற்குச் சிதைந்த கல்லைக் கொடுக்கவே கூடாது, ரீனியம் தண்ணீரோடு போய்விடும். சாம்பல் பட்டையைத் தேட வெளிப்பாறைதான் சிறந்த இடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மென்மையான பட்டை உள்ளே அரித்துப் பள்ளமாக இருக்கும். தூரத்திலிருந்தே கோடாகத் தெரியும். சிர்க்கான் சிதைவுக்கு அசையாது. அதனால் இந்த ஒரு வேலைக்கு ஆற்றோரக் கல் கோரைவிட மேல். வேண்டிய அளவு அள்ளலாம்.

கேள்வி படுகை அளவிலான எண்ணெய் வாய்ப்பு மட்டும் என்றால் என் தேர்வு மாறும்: சில்லுகளும் கிணற்றுப் பதிவுகளும், அவற்றை நிலைநிறுத்த ஒன்றோ இரண்டோ பழைய கோர். விரிசலும் வரைபடமும் மட்டும் என்றால் துளையே வேண்டாம், நல்ல காலணி போதும். பழங்கடலின் ஆக்சிஜன்தான் கேள்வி, கையில் இருப்பதோ சிதைந்த வெளிப்பாறை மட்டும் என்றால், அந்தக் கேள்வியையே மாற்றிக்கொள்ளச் சொல்வேன். பைரைட் உருண்டை அளவும் தொல்லுயிரும் அடுக்கமைப்பும் வைத்து எழுதக்கூடிய நல்ல ஆய்வு நிறைய இருக்கிறது.

கோர் மேலே வரும் நாளைப் பற்றியும் ஒன்று. குழாயிலிருந்து வெளியே எடுத்துச் சேற்றைக் கழுவியதும், காயும் முன்பு, ஈரத்தோடு ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஈரத்தில் மட்டுமே தெரியும் நிற வேறுபாடுகள் காய்ந்ததும் மங்கிவிடும். சில ஷேல்கள் காயும்போதே ஏடாகப் பிளந்து, எது இயற்கை விரிசல், எது நம்மால் வந்தது என்று பிரிக்க முடியாமல் போகும். படத்துக்குப் பின் சிவப்புக் கோடு, கருப்புக் கோடு, ஆழம். அறுப்பது அடுத்த நாளுக்கு இருக்கலாம். காப்புப் பாதியை மட்டும் அன்றைக்கே ஈரப்பதம் குறைந்த அறைக்கு அனுப்பும் ஏற்பாட்டோடு துளையிடப் போங்கள்; அந்த அறை உறுதியாகும்வரை துளைப்பொறியை வரச்சொல்ல வேண்டாம்.